எண்ணூர்க் கண்டலும் சோதனைக் குழாயும்

நம் நாட்டுக் கல்லூரிகளின் ஆய்வுக்கூடங்களில் இக்காலத்துப் பெரிதும் நிகழும் ஆராய்ச்சிகளுள் ஒன்று, தானே வளர்ந்த செடிகளின் சாற்றில், உயிரணுக்களைச் சிதைக்கும் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆற்றல் உண்டோ என நாடுவதாகும். முறை எளிது. 1958-ஆம் ஆண்டில் பிளாய்ஸ் என்பார் காட்டிய வழியே, டி.பி.பி.எச். எனப்படும் ஊதாநிறக் கரைசலிற் சாற்றைச் சேர்ப்பர். சாற்றிலுள்ள பொருள் அதற்கு ஹைட்ரஜன் அணுவை ஈயுமாயின் ஊதா மறைந்து மஞ்சள் தோன்றும். மாற்றம் எவ்வளவு மிகுமோ, ஆற்றலும் அவ்வளவு மிகும் என்பர்.

இம்முறையை யான் குறை கூறவில்லை. சிறு கருவிகளொடு பயிலும் மாணவர்க்கு இஃது ஏற்றதொரு முதற்படி. ஆயின் இம்முடிவொன்றையே கொண்டு, 'இச்செடி நோய் தீர்க்கும்' என முரசறைதல் தகாது என்பதே எளியேன் துணிபு.

முதலாவது, குழாய் வேறு, உடல் வேறு. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடை நிகழ்ந்து 1994-இல் வெளியான சோதனையில், பீட்டா கரோட்டீன் உண்டவர்க்கு நுரையீரற் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு மிகுந்தது. உணவுப்பொருள்களின் இவ்வாற்றலைக் குழாயில் அளந்து அமைத்த தம் அட்டவணையை அமெரிக்க வேளாண்மைத் துறையார் 2012-இல் நீக்கினர். அவ்வெண்கள் உடல்நலத்தைக் காட்டுவன அல்ல என்பதே காரணம்.

இரண்டாவது, செடி நின்ற நிலம். இராயபுரத்தினின்று திருவொற்றியூர் வழியே வடக்கு நோக்கிச் செல்வார் எண்ணூர்க் கழிமுகத்தைக் காண்பர். கொசத்தலையாறு கடலொடு கலக்கும் அவ்விடத்தில் வெண்கண்டலும் உமரியும் வளர்கின்றன. உவரும் வெயிலும் வருத்துங்கால் இவை தம்மைக் காத்துக்கொள்ளவே அத்தடைப்பொருள்களை ஆக்குகின்றன. அக்கழியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தொடு வந்த எண்ணெய், கண்டலின் வேரிலும் அடிமரத்திலும் ஒட்டிற்று. சேற்றிலுள்ள உலோகங்களை வேரால் ஈர்ப்பதும் கண்டலின் இயல்பு. இங்குப் பறித்த இலையிற் பேரெண் காணின், அது நமக்கென அமைந்த மருந்தைக் குறிக்குமோ, மரம் படும் துன்பத்தைக் குறிக்குமோ? நிறமாற்றம் இவ்வினாவிற்கு விடை கூறாது. அம்முடிவை நம்பி ஏழையொருவன் இலையைக் காய்ச்சிப் பருகுவானாயின், ஈயமும் உடன் உட்செல்லக் கூடும்.

தமிழ் பயிலும் மாணவனுக்கு இதில் என்ன பணி என வினவுவார்க்கு விடை தொல்காப்பியத்தில் உண்டு. நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் புள்ளும் கருப்பொருள். நெய்தற் புலவர் கண்டலைக் கழியினின்று பிரித்துப் பாடிற்றிலர். ஆராய்வாரும் அவ்வொழுங்கையே மேற்கொள்க. இலை பறித்த இடத்தையும் பருவத்தையும் முதற்கண் எழுதுக. ஈயம், காட்மியம் முதலியவற்றின் அளவையும் காண்க. பிச்சாவரம் போன்ற பிறிதோர் இடத்துக் கண்டலொடு ஒப்பிடுக. அதன்பின் எண்ணைக் கூறுக. மருந்தென்னும் சொல்லை, உடலிற் செய்யும் சோதனை முடியுங்காறும் நாவிலே அடக்குக.