எடைக்குப் போட்ட கடிதங்கள்

எட்டயபுரத்தில் பிறந்த பாரதிக்கு 1960இல் அஞ்சல் தலை வெளியானது. ஓட்டப்பிடாரத்து வ.உ.சி.க்கு 1972இல், பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனுக்கு 1999இல். மூன்றையும் கரிசல்காட்டுக்காரர்களாகிய நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஆனால், நம் வீட்டு வாசலுக்கு வந்த கடிதங்களை என்ன செய்தோம் என்று யாராவது கேட்டால் தலைகுனியத்தான் வேண்டும்.

இது வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த வருஷங்களில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் பட்டாளத்துக்கும் பிழைக்கப் போனவர்கள் மணியார்டர் அனுப்பித்தான் வீட்டில் உலை கொதித்தது. அந்தப் படிவத்தின் துண்டில் நாலு வரி எழுத இடம் இருக்கும். கடன், கல்யாணம், மாட்டு விலை, மழை விசாரிப்பு எல்லாம் அதற்குள் அடங்கின. எழுத்தறியாத தாய்மாருக்குத் தபால்காரரே வாசித்துக் காட்டினார். நம் பஞ்சத்துக்கும் பிழைப்புக்கும் இதைவிடச் சாட்சி ஏது? அந்தத் துண்டுகளையும் கடிதங்களையும் கம்பியில் குத்தித் தொங்கவிட்டிருந்தோம். காரைவீடு கட்டியதும் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டோம்.

ஸ்டாம்ப் சேர்த்த பிள்ளைகளுக்கும் சரியாகச் சொல்லித்தரவில்லை. உறையைத் தண்ணீரில் ஊறவைத்து, அஞ்சல் தலையை உரித்து ஆல்பத்தில் ஒட்டச் சொன்னோம். உறை குப்பைக்குப் போனது. தலை தேசம் முழுக்க ஒன்றுதான். புறப்பட்ட ஊர், சேர்ந்த ஊர், தேதி என்று நம் கிராமத்தின் பெயரைத் தாங்கி நின்றது உறைமேல் விழுந்த முத்திரை.

இலக்கியம் பேசிய நம் குற்றம் இன்னும் பெரிது. மூத்தவர்களான வல்லிக்கண்ணனும் தி.க.சி.யும் இளம் எழுத்தாளர்களுக்குக் கார்டு போட்டே தெம்பூட்டியவர்கள். ச. தமிழ்ச்செல்வன் அஞ்சல் ஊழியராக இருந்துகொண்டே கதை எழுதினார். சிற்றிதழ்கள் நம் கைக்கு வந்ததும் தபாலில்தான். இடைசெவல்காரர்களான எழுத்தாளர்கள் கு. அழகிரிசாமியும் கி.ரா.வும் நண்பர்கள். அழகிரிசாமி தமக்கு எழுதிய கடிதங்களைக் கி.ரா. பத்திரப்படுத்தினார், அதனால் அவை நூலாயின. ஒரு சம்சாரி வீட்டில் நடந்த காரியத்தை நம் பள்ளிகளும் சங்கங்களும் வாசகர் வட்டங்களும் தம் கடமையாக எடுத்துக்கொள்ளவில்லை. வசதி இல்லை என்று சொல்ல முடியாது. தோன்றவில்லை, அவ்வளவுதான்.

டெல்லி டாக் பவனில் 1968 முதல் தேசிய அஞ்சல்தலை அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால், கரிசல் கிராமத்து மணியார்டர் துண்டை டெல்லி தேடி வந்து காக்காது. பழைய அஞ்சல் முறைகளும் ஒவ்வொன்றாக மறைகின்றன. 2013இல் தந்தி நின்றது. 2025இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு சேர்க்கப்பட்டது. இனிமேலும் தாமதித்தால் காக்க எதுவும் மிஞ்சாது.

கோவில்பட்டியில் கி.ரா.வுக்கு அரசு கட்டிய நினைவரங்கம் இருக்கிறது. கரிசல் கடிதங்களுக்கு அங்கே ஓர் அலமாரி கேட்போம். அதுவரை வீட்டில் எஞ்சியதைக் காப்போம். கம்பியிலிருந்து மெதுவாக உருவுங்கள். அஞ்சல் தலையை உரிக்காதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். யார் யாருக்கு எழுதியது என்று தனித்தாளில் குறித்து உடன் வையுங்கள். வருகிற பொங்கலுக்கு வெள்ளையடிக்க வீட்டை ஒதுங்கவைக்கும்போது, பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.