கல்லிற் பதிந்த கால்

எலும்பு கிடைத்தாலன்றி ஒரு விலங்கு வாழ்ந்ததென ஒப்போம் என்பார் சிலர். அடிச்சுவட்டை அவர் கீழ்நிலைச் சான்றாகவே எண்ணுவர். எலும்போ செத்த உடலின் எச்சம். சுவடோ உயிரோடு நடந்ததன் பதிவு. எலும்பை வெள்ளம் எங்கோ இழுத்துச் சென்று போடும்; சுவடோ விலங்கு அடிவைத்த மண்ணிலேயே உறைந்தது. ஒரு விலங்கிற்கு எலும்புக்கூடு ஒன்றே. அது வைத்த அடிகளோ எண்ணில.

செருமானிய நாட்டு இல்டுபர்க்கவுசன் என்னும் ஊரருகே, 1834-ஆம் ஆண்டளவில், பெயர்த்தெடுத்த மணற்கற் பலகைகளின் அடிப்புறத்தே மாந்தர் கைபோற் புடைத்த வடிவங்கள் காணப்பட்டன. ஈரச்சேற்றிற் பதிந்த அடி வெயிலில் இறுக, மேல்வந்த மணல் அப்பள்ளத்தை நிரப்பிக் கல்லானமையால் விளைந்த புடைப்பு அது. சேறு வெடித்த கோடுகளும் உடன் பதிந்திருந்தன. அகவை ஏறத்தாழ 24 கோடி ஆண்டு. 1835-இல் காவுப் என்னும் அறிஞர், கையுடைய விலங்கு எனப் பொருள்படக் கிரேக்க மொழியில் அதற்குப் பெயரிட்டார். (நாம் அதனை அப்படியே பெயர்க்கப் புகின் இடர்ப்படுவோம். 'கைம்மா' எனின் யானையாகும்; 'கைவிலங்கு' எனின் சிறையாளிக்குப் பூட்டுவதாகும்! 'கையடி விலங்கு' என்போம்.)

குரங்கு என்றார் ஒருவர். கரடி என்றும் பைம்மா என்றும் கூறினர் பிறர். கட்டைவிரல் போன்றது அடியின் வெளிப்பக்கத்தே இருந்தமையால், தவளையொத்த அவ்வுயிர் கால்களைக் குறுக்கே மாற்றி மாற்றி வைத்து நடந்ததெனப் படமே வரைந்துவிட்டனர். அப்படம் இலையல் எழுதிய புகழ்பெற்ற நிலநூலிலும் ஏறியது. எவ்வுயிர் அங்ஙனம் நடந்து பிழைக்கும்? பெரியார் நூலில் உள்ளதென்றால் கேட்பார் குறைவு போலும்!

1925-இல் சோர்கல் என்பார் அடியை மீண்டும் நோக்கினார். அது கட்டைவிரலன்று; புறத்தே வளைந்த ஐந்தாம் விரல். விலங்கோ முதலைக்கு உறவான ஊர்வன. ஆயினும் வயிற்றைத் தரையில் இழுக்காது, கால்களை உடலின்கீழ் நிறுத்தி நடந்தது. அவ்விலங்கின் எலும்பொன்றும் கையில் இன்றியே இவ்வளவும் உரைத்தார்! சுவிசு நாட்டு மலையொன்றிற் கிடைத்து 1965-இல் விளக்கி எழுதப்பெற்ற எலும்புக்கூடு, அவர் உரைத்த காலமைப்பைப் பெரிதும் ஒத்திருந்தது. சுவட்டுக்குரியது அவ்விலங்கே என்று அடித்துச் சொல்லலாகாது. அதன் உறவினம் எனலாம்.

2010-இல் போலந்து நாட்டுச் சகெல்மியே கற்குழிச் சுவடுகள் வெளியிடப்பெற்றன. ஏறத்தாழ 39 கோடி ஆண்டுப் பழமையுடைய அவை, அதுகாறும் அறியப்பட்ட நான்குகால் உயிர்களின் எலும்புகளினும் பல நூறாயிரம் ஆண்டுகளன்று, கோடிக்கு மேற்பட்ட ஆண்டுகள் முந்தியவை. மீன்கள் இரைதேடித் துழாவிய குழிகளே அவை என்று மறுப்பாரும் உளர். மறுக்கட்டும், ஆயின் அங்குள்ள பதிவொன்றில் விரல்கள் தோன்றுகின்றனவே, அவற்றிற்கும் அவர் விடை கூறல் வேண்டும்.