எல்லாம் பிழைதானா?



பாலாற்றங்கரையிலுள்ள எங்கள் பள்ளிகொண்டாவைச் சுற்றி, வேலூர் முதல் ஆம்பூர் வரை தோல் தொழில் நடைபெறுவதை அறிவீர்கள். பச்சைத் தோலைத் தரம் பிரிப்பவர் "இது கெட்ட தோல்" என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. உரிக்கும்போது கத்தி பட்டதா, உப்புப் போதாமல் அழுகியதா என்றும் சொல்வார். காரணம் தெரிந்தால்தானே அடுத்த முறை திருத்திக்கொள்ள முடியும்?

கணினியும் காரணத்தைச் சொல்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் சொல்கிறது. சென்ற ஆண்டு என் மாணவர் ஒருவர் ஊசல் சோதனையின் அளவீடுகளைக் கணினியில் சேமிக்க முயன்றார். திரையில் ஓர் ஆங்கில வரி தோன்றியது. எதையோ கெடுத்துவிட்டோம் என்றஞ்சிக் கணினியை நிறுத்திவிட்டார். இரண்டு மணி நேர உழைப்பு வீணாயிற்று. அந்த வரி சொன்னது இவ்வளவுதான்: "வட்டில் இடமில்லை." தேவையற்ற கோப்பு ஒன்றை அழித்திருந்தால் போதும்!

லினக்ஸ் இயக்க முறைமையில் இத்தகைய ஒவ்வொரு நிலைக்கும் ஓர் எண் உண்டு. 2 என்றால் அப்பெயரில் கோப்பு இல்லை. 5 என்றால் வட்டில் படிக்கவோ எழுதவோ இயலவில்லை. 13 என்றால் அனுமதி இல்லை. 28 என்றால் இடமில்லை. ஆங்கிலம் இவை அனைத்தையும் 'எரர்' என்கிறது. நாமும் அனைத்தையும் 'பிழை' என்று பெயர்த்துவிடுகிறோம். இது போதாது என்பது என் கருத்து. பிழை என்றதும் மாணவர் தம்மையே நொந்துகொள்கிறார். வட்டு கெட்டிருந்தால் அது பழுது. அனுமதி இல்லையென்றால் அது மறுப்பு. இடமில்லையென்றால் அது பற்றாக்குறை. தமிழில் தனித்தனிச் சொற்கள் இருக்க, ஒன்றையே ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்?

இலக்கணச் சிக்கலும் ஒன்றுண்டு. செய்தியில் கோப்பின் பெயருக்கு வெற்றிடம் விட்டிருப்பார்கள். கணினி அங்கே பெயரை அப்படியே இட்டு நிரப்பும். 'பாடம்' என்பது 'பாடத்தை' என மாறும் என்பதை அது அறியாது. 'பாடம்ஐ' என்று ஒட்டிவிடும். இதற்கு வழி எளிது. 'பாடம் என்ற கோப்பைத் திறக்க இயலவில்லை' என்று எழுதினால், உருபு 'கோப்பு' என்ற சொல்லோடு சேர்ந்துவிடும். பெயர் மாறினாலும் வாக்கியம் கெடாது.

"எப்படியும் ஆங்கிலம் கற்கத்தானே வேண்டும்?" என்பார் சிலர். கற்போம். ஆனால் உழைப்பு அழியப்போகும் நேரம் ஆங்கிலத் தேர்வு எழுதும் நேரமன்று.

கே.டி.இ., க்னோம் போன்ற கட்டற்ற மென்பொருள்களில் செய்திகள் நிரலிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனிக் கோப்புகளில் உள்ளன. ஆர்வலர்கள் பலர் அவற்றைத் தமிழாக்கி வருகின்றனர். நீங்களும் முயலலாம். அடுத்த முறை அத்தகைய வரி தோன்றினால் அஞ்சாமல் ஏட்டில் குறித்து, தமிழில் எழுதி, உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ படித்துக் காட்டுங்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் சொல்லிவிட்டால், உங்கள் மொழிபெயர்ப்பு தேறிவிட்டது!