எஞ்சினுக்கு வெம்மை பகையன்று

பழைய மோட்டார் வண்டியுடையார் பலர், எஞ்சின் எத்துணைக் குளிர்ந்திருக்குமோ அத்துணை நலம் என்று கருதுகின்றனர். அது பிழை என்பதே எமது துணிபு.

2014ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் வண்டியொன்று எம் இல்லத்தில் உண்டு. சென்ற கோடையில் அஃது உதகை மலைச்சாலையிற் கொதித்து நின்றது. எந்தையார் பொறாது, சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். அம்மூடி தன் அழுத்தத்தால் நீரை 100 டிகிரிக்கு மேலும் கொதியாது அடக்குவது. உதகையின் உயரத்திலோ, திறந்த நீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதிக்கும். பொங்கியெழுந்த நீர் அவர் முன்கையை வேவித்துவிட்டது.

பழுது பார்த்தவர், தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் இனிக் கொதிப்பில்லை என்றார். யாமும் நம்பினோம். (தமிழ் பயில்வார்க்கு எஞ்சினில் அவ்வளவே அறிவு!) சில திங்களில் எஞ்சின் எண்ணெய் கூழாயிற்று, பெட்ரோற் செலவும் ஏறிற்று. காரணம் பின்னரே விளங்கியது. நீர் 80 டிகிரியளவு சூடேறும்வரை அதனை ரேடியேட்டருக்குச் செல்லவிடாது தடுப்பதே தெர்மோஸ்டாட்டின் தொழில். அஃதின்றேல் எஞ்சின் வேண்டுமளவு சூடேறாது. ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெயைக் கழுவும். எண்ணெயிற் கலந்த ஈரமும் நீங்காது தங்கும். 80 முதல் 90 டிகிரி வரையுள்ள வெம்மை எஞ்சினுக்கு நோயன்று, இயல்பேயாம்.

உண்மைக் குற்றம் வேறிடத்திருந்தது. ஆழ்கிணற்று நீரின் உப்புப் படிந்து ரேடியேட்டர்க் குழாய்கள் தூர்ந்திருந்தன. விசிறி பெல்ட்டும் தளர்ந்திருந்தது. அவ்விரண்டையும் செப்பஞ்செய்து, புதிய தெர்மோஸ்டாட்டை யாமே அருகிருந்து பூட்டுவித்தோம். எந்தையாரின் கைத்தழும்பு இன்னும் மறையவில்லை.