மலையடிவாரத்து மாநகரம்

செஞ்சி என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது தேசிங்கு ராஜன் கதைதான். 1714-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் சேனையோடு பொருது மாண்ட அவ்விளைஞனின் வீரத்தைக் கதைப்பாட்டும் தெருக்கூத்தும் நன்றாகவே பரப்பியிருக்கின்றன. ஆயினும், செஞ்சி ஒரு காலத்தில் மாநகரமாகவும் விளங்கியது என்பதைப் பலர் அறியார். நாயக்க மன்னர் கிருஷ்ணப்பர் காலத்தில், 1597-ஐ ஒட்டி இங்கு வந்த பிமெண்டா என்னும் ஏசுசபைப் பாதிரியார், போர்த்துக்கல் தேசத்தில் லிஸ்பனைத் தவிர வேறெந்த நகரமும் இதற்கு ஈடாகாது என்று வியந்து எழுதினார்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் நெடுமதில் ஒன்று இணைக்கிறது. ராஜகிரியின் அடிவாரத்தில் அரண்மனைப் பகுதி. அங்கே களஞ்சியங்களும் குதிரை லாயங்களும் வரிசையாக நிற்கின்றன. கல்யாண மகாலின் மேல் மாடங்களுக்கு மண் குழாய்கள் வழியே தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். சற்றுத் தள்ளி வேங்கடரமணர் கோயில். அதே மதிலுக்குள் சாதத்துல்லாகான் மசூதி. பல சமயத்தாரும் பல தொழிலாளரும் கூடி வாழ்ந்த இடம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

இத்தகைய நகரம் பாழானது எப்படி? பீரங்கியால் என்று சொல்லிவிடலாகாது. 1677-இல் சிவாஜி கைப்பற்றிய இக்கோட்டையில், அவர் மைந்தர் ராஜாராம் தங்கியிருந்தபோது, மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டது. அத்தனை ஆண்டுகளையும் செஞ்சி தாங்கிற்று. பிறகு வென்றவர்கள், இவ்விடத்துச் சீதோஷ்ணம் உடம்புக்கு ஒவ்வாதென்று ஆட்சித் தலைமையை ஆர்க்காட்டுக்கு மாற்றினார்கள். அதிகாரம் போன வழியே வியாபாரமும் போயிற்று. வியாபாரத்தின் பின்னே ஜனங்களும் போனார்கள். 1750-இல் பிரெஞ்சுக்காரரும் 1761-இல் ஆங்கிலேயரும் பிடித்தது பெரும்பாலும் கோட்டையைத்தான், நகரத்தை அன்று. கோயில் தூண்களும் ஊரை விட்டுப் போயின. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்பவை செஞ்சித் தூண்களே என்பர்.

2025-ஆம் ஆண்டில், மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சியும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. மகிழ்ச்சிதான். ஆனால், மதிலுக்குக் கிழக்கே இன்று வாழும் செஞ்சிப் பேரூர் அதனால் தழைத்தால்தான் மகிழ்ச்சி நிறைவு பெறும். கோட்டை காண வருவோர் மலையேறி இறங்கி, உடனே வண்டியேறிப் போய்விட்டால் ஊருக்கு என்ன லாபம்? கடைத்தெருவில் நாலு காசு செலவிடட்டும். சுவரில் பேர் கீறாமல் திரும்பட்டும். குழந்தைகளுக்குக் களஞ்சியத்தையும் குளத்தையும் காட்டட்டும். நகரத்தை வாழவைப்பவை அவையே. மதில் காவல் மட்டுமே செய்யும்.