எஞ்சின் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

நிஸ்ஸான் 240எஸ்எக்ஸ் என்று ஒரு கார். அமெரிக்காவில் 1989 மாடல் தொடங்கி 1998 மாடல் வரை விற்றது. ஜப்பானில் இதே உடம்புக்கு சில்வியா, 180எஸ்எக்ஸ் என்று பெயர். எடை 1200 கிலோ சொச்சம். எஞ்சின் முன்னால், இழுவை பின்சக்கரத்தில். டிரிஃப்ட் பைத்தியங்களுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் நிஸ்ஸான் ஒரு ஓரவஞ்சனை செய்தது. ஜப்பானியருக்கு 1991 முதல் எஸ்ஆர்20டிஇடி என்ற 2 லிட்டர் டர்போ எஞ்சின், 205 குதிரைத்திறன். அமெரிக்கருக்கு டர்போ இல்லாத 2.4 லிட்டர் கேஏ எஞ்சின். முதல் இரண்டு வருடம் 140 குதிரைத்திறன், 1991 முதல் 155. இந்த ஐம்பது குதிரைதான் எல்லாவற்றுக்கும் காரணம். 240எஸ்எக்ஸ் வாங்குகிற பையன் சாவி கைக்கு வந்த அன்றைக்கே கேஏவைத் தூக்கிப் போட்டு எஸ்ஆரை இறக்கத் திட்டம் போடுகிறான்.

அந்தத் திட்டம்தான் பிரச்சினை. எஸ்ஆர் நல்ல எஞ்சின், அதில் சந்தேகமே இல்லை. அலுமினிய பிளாக், 86க்கு 86 மில்லிமீட்டர் என்று சதுரக் கணக்கு, சுற்றுவதற்குத் தயங்காத சுபாவம். காரும் அதற்காகவே பிறந்த கார்தான், ஆகவே உட்காரவும் உட்காரும். கோளாறு எஞ்சினில் இல்லை. முதல் ஸ்வாப் செய்கிறவன் எஞ்சினிலிருந்து திட்டத்தை ஆரம்பிக்கிறான் பாருங்கள், அங்கேதான் கோளாறு. அப்படி ஆரம்பித்த திட்டம் எப்படி முடியும் என்பதற்கு அமெரிக்க கராஜ்களில் சாட்சி நிறைய இருக்கிறது. நாலு ஸ்டாண்டின் மேல் முன்பக்கம் காலியாக நிற்கும் கார், மூலையில் தார்ப்பாய் போர்த்திய எஞ்சின், கடைசியில் 'பாதி முடிந்தது, நேரம் இல்லை' என்று ஒரு விற்பனை விளம்பரம்.

இதற்கெல்லாம் உரம் போடுவது சில பொய்கள்.

முதல் பொய்: 'கேஏ ஒரு லாரி எஞ்சின்.'

பாதி உண்மை, ஆகவே முழுப் பொய்யை விட ஆபத்து. கேஏ24 குடும்பம் நிஸ்ஸான் பிக்கப்பில் இருந்தது நிஜம். அதே குடும்பம் ஆல்டிமா என்ற குடும்பக் காரிலும் இருந்ததை மட்டும் யாரும் சொல்வதில்லை. இரும்பு பிளாக், 96 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். மேலே சுற்றும்போது முரட்டுத்தனமாகக் கத்தும், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் கீழே இழுவை உண்டு, உதிரிபாகம் உள்ளூர்க் கடையில் கிடைக்கும், அடி தாங்கும். கேஏவுக்கே டர்போ போட்டு ஓட்டுகிற கூட்டமும் அமெரிக்காவில் உண்டு.

இன்னொன்று. கழற்றி எறியப்படும் கேஏக்களில் பல உண்மையில் நோயாளிகள். டைமிங் செயின் கைடு தேய்ந்து கடகடவென்று சத்தம், அழுக்கேறிய இன்ஜெக்டர், காற்று கசியும் குழாய். முப்பது வருடம் பராமரிப்பே பார்க்காத எஞ்சினை ஓட்டிவிட்டு 'இதில் சக்தி இல்லை' என்பது, பட்டினி போட்ட மாட்டைப் பார்த்து 'பால் தராத மாடு' என்று சொல்வதைப் போல.

இரண்டாவது பொய்: விளம்பரத்தில் உள்ள விலை.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள். விளம்பரத்தில் போட்டிருப்பது சுண்டைக்காயின் விலை.

கேஏவின் கியர்பாக்ஸ் எஸ்ஆருக்குப் பொருந்தாது. எஸ்ஆரின் கியர்பாக்ஸே வேண்டும். அதன் கம்ப்யூட்டர் வேண்டும், காற்றளவு மீட்டர் வேண்டும், இன்டர்கூலரும் அதன் குழாய்களும் வேண்டும். வலதுபக்க ஸ்டியரிங் காருக்குச் செய்த வயரிங் ஹார்னஸ் இடதுபக்க ஸ்டியரிங் காரில் அப்படியே உட்காராது. வெட்டி ஒட்ட வேண்டும், இல்லையென்றால் அமெரிக்கக் காருக்கு என்றே மாற்றிச் செய்ததைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். முதல் ஸ்வாப்கள் அதிகம் சாகிற இடம் இந்த வயர்தான். போல்ட் தப்பாக மாட்டினால் கண்ணுக்குத் தெரியும். வயர் தப்பாகப் போனால் கார் ஒன்றும் சொல்லாது, ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும்.

இன்னும் இருக்கிறது. கடைசி சில்வியா 2002ல் வெளிவந்தது. அப்படியானால் உலகில் உள்ள மிக இளைய எஸ்ஆர்20டிஇடிக்கே வயது இருபதைத் தாண்டிவிட்டது. 'குறைந்த மைல் ஓடியது, ஜப்பானிலிருந்து வந்தது' என்று விற்பவர் சொல்லலாம். காரிலிருந்து கழற்றிய எஞ்சினுக்கு ஓடோமீட்டர் கிடையாது. ரப்பர் சீல்கள் மைலைப் பார்த்து மட்டும் காய்வதில்லை, வயதைப் பார்த்தும் காயும். கம்ப்ரெஷன் சோதனையும் லீக்டவுன் சோதனையும் செய்யாமல் எஞ்சின் வாங்குகிறவன் இரும்பை எடைக்கு வாங்குகிறான், அவ்வளவுதான்.

பெட்ரோலும் கணக்கில் வர வேண்டும். ஜப்பானில் விற்கும் உயர்ரகப் பெட்ரோல் சாதாரணமாக 98 முதல் 100 ஆக்டேன். கலிஃபோர்னியா பம்பில் கிடைப்பது 91. இரு நாடும் அளக்கும் முறை வேறு. ஜப்பானிய அளவுக்கு மாற்றினாலும் அந்த 91, சுமார் 95 அல்லது 96க்கு மேல் போகாது. கம்பெனி வைத்த பூஸ்டில் சமாளிக்கலாம். பூஸ்டைத் திருகி ஏற்றினால் எஞ்சின் நாக் அடிக்கும், பிஸ்டன் போகும்.

மூன்றாவது பொய்: 'சட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.'

கலிஃபோர்னியாவில் விதி தெளிவாக இருக்கிறது. மாற்றிப் போடும் எஞ்சின் காரின் வருடத்தைவிடப் பழையதாக இருக்கக்கூடாது. அங்கே சான்று பெற்றதாக இருக்க வேண்டும். தன் புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகள் அத்தனையோடும் வர வேண்டும். ரெஃப்ரீ என்ற அரசு அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் பார்த்து முத்திரை தர வேண்டும். அமெரிக்காவில் விற்கவே விற்காத எஸ்ஆர்20டிஇடி இதில் எப்படித் தேறும்? சில மாநிலங்களில் புகைச் சோதனையே இல்லை, அங்கே இந்தத் தலைவலி குறைவு. ஆகவே எந்த எஞ்சின் என்ற கேள்விக்கு முந்தைய கேள்வி, எந்த மாநிலம் என்பது. அதைக் கடைசியில் கேட்கிறவர்கள் ஒவ்வொரு சோதனைக்கும் பழைய எஞ்சினைத் திரும்ப மாட்டுவதா, காரை ஒளித்து வைப்பதா என்று திருடன் மாதிரி யோசிக்க வேண்டியதுதான்.

நான்காவது பொய், எல்லாவற்றிலும் மோசமானது: 'முதலில் சக்தி, பிரேக் அப்புறம்.'

பள்ளிக்கூட இயற்பியல் போதும். ஓடும் காரின் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 100 கிலோமீட்டரில் பிடிக்க வேண்டிய பிரேக் 120ல் பிடிக்க வேண்டுமென்றால் அது விழுங்க வேண்டிய ஆற்றல் 44 சதவீதம் அதிகம். முப்பது வருடப் பழைய பிரேக் ஹோஸ், காய்ந்த சஸ்பென்ஷன் புஷ்கள், வழுக்கும் டயர், அதன் மேல் இன்னொரு ஐம்பது குதிரை. இந்தக் காருக்கு 300இசட்எக்ஸின் நாலு பிஸ்டன் காலிப்பரைப் போடுவது ஊரறிந்த வழி. அதற்கு ஆகும் செலவு எஞ்சின் செலவின் முன் ஒன்றுமில்லை. ஆனால் பிரேக்கைப் படம் எடுத்துப் போட்டால் கைதட்ட ஆள் வராது. அதுதான் உண்மையான காரணம். ரோட்டில் எதிரே ஸ்கூட்டரில் வருகிறவருக்கு இவர்களுடைய கைதட்டல் எதற்கு?

இதற்கு எதிர்த்தரப்பில் ஒரு நியாயமான வாதம் இருக்கிறது. 'கையை அழுக்காக்காமல் யாரும் மெக்கானிக் ஆனதில்லை, தப்பு செய்துதான் கற்க முடியும்' என்பார்கள். சரிதான். ஆனால் ஒரே நேரத்தில் எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங், எரிபொருள், குளிர்விப்பு எல்லாவற்றையும் மாற்றினால் தப்பு எங்கே நடந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடிக்க முடியாத தப்பிலிருந்து பாடமும் கிடையாது. இருக்கிற கேஏவுக்கே கிளட்ச் மாற்றி, வாட்டர் பம்ப் மாற்றி, கேஸ்கெட் மாற்றிப் பழகியவனுக்கு ஸ்வாப் பத்தாவது வேலை. பழகாதவனுக்கு அது முதல் வேலை. வித்தியாசம் இவ்வளவுதான்.

அப்படியானால் உருப்படியான திட்டம் எப்படி இருக்கும்? வரிசை மட்டும் தலைகீழாகும். முதலில் தினமும் போய்வர வேறொரு வண்டி. அடுத்து மாநில விதி. பிறகு பிரேக், டயர், புஷ், ரேடியேட்டர். இதற்குள்ளேயே ஒரு வருடம் ஓடிவிடும். அந்த ஒரு வருடத்தில் கார் எவ்வளவு மாறிவிட்டது என்று பார்த்துப் பாதிப்பேருக்கு ஸ்வாப் ஆசையே போய்விடும். போகாதவர்கள் மட்டும் எஞ்சின் தேடலாம். தனித்தனியாகப் பொறுக்காமல், ஒரே காரிலிருந்து எஞ்சின், கியர்பாக்ஸ், கம்ப்யூட்டர், வயரிங் எல்லாம் சேர்ந்த முழு செட்டாக. வெளியே இருக்கும்போதே முன்சீல், பின்சீல், வாட்டர் பம்ப், கிளட்ச் எல்லாம் புதிதாக. கழற்றுகிற ஒவ்வொரு வயருக்கும் ஒரு சீட்டு. போட்ட பட்ஜெட்டுக்கு மேல் பாதிப் பணம் கையிருப்பு. இதில் ஒன்றுகூட கவர்ச்சியான வேலை இல்லை என்பது நிஜம்.

இப்போது இன்னொரு வேடிக்கையும் சேர்ந்துவிட்டது. அமெரிக்காவில் 25 வருடம் ஆன வெளிநாட்டுக் காரை, பாதுகாப்புத் தரச் சட்டம் தடுக்காமல் இறக்குமதி செய்யலாம். 1991ன் எஸ்ஆர் சில்வியாவுக்கு 2016லேயே அந்த வயது வந்துவிட்டது. 1999ல் வந்த எஸ்15க்கு 2024ல். கலிஃபோர்னியாவில் புகை விதி அப்போதும் குறுக்கே நிற்கும், மற்ற பல இடங்களில் கதவு திறந்துவிட்டது. நிஸ்ஸான் தொழிற்சாலையே பொருத்திய எஸ்ஆரோடு கார் வந்து இறங்கும்போது, ஸ்வாப்பின் மொத்தச் செலவை அதன் விலைக்குப் பக்கத்தில் எழுதிப் பார்க்காமல் திட்டம் என்று சொல்லிக்கொள்வது தமாஷ்.

240எஸ்எக்ஸ் தயாரிப்பு நின்று கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது, இனி ஒன்றுகூடப் புதிதாக வராது. அவசரத்தில் பிரித்துப் போட்டு, வயரை வெட்டி, பாதியில் விட்ட ஒவ்வொரு காரும் கணக்கில் ஒன்று குறைகிறது. 155 குதிரையோடு ஓடுகிற கார், ஸ்டாண்டின் மேல் நிற்கும் 205 குதிரைக் காரை விட வேகமானது. சந்தேகம் இருப்பவர்கள் இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பந்தயம் வைத்துப் பார்க்கட்டும்.