மரச்சீனியும் மண்வாசனையும்

கருங்கல் பக்கத்துச் சாயாக்கடைகளில் மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் கறியும் உண்டு திரும்பும் இலக்கிய அன்பர்கள், அதையே ‘ஆயிரமாண்டு மண்வாசனை’ என்று எழுதிக் குவிக்கிறார்கள். எந்த ஆயிரமாண்டு? மரச்சீனியும் கறியைச் சிவக்கவைக்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்தவை. 1949 வரை இவ்வூர் இருந்த திருவிதாங்கூரில் மரச்சீனியைப் பரப்பியவர், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றபோது, ஏழைகளின் உயிரைப் பிடித்துவைத்ததில் இக்கிழங்குக்குப் பெரும்பங்குண்டு. அதற்குத் தொன்மை கற்பிப்பது அந்தப் பசியின் வரலாற்றை மறைப்பதாகும். சாயாக்கடைக்காரர் பழம்பெருமை விற்பதில்லை. கூலிக்காரரின் கைக்காசுக்கு வயிறு நிறைய விளம்புகிறார். எழுதத் தக்கது அந்த அறமே. இல்லாத தொன்மை அல்ல.